எட்ட இருந்தவர் எழுதிய கடிதம்: நகைச்சுவை எழுத்தாளரும் பத்திரிகைகளும்

வார, மாதப் பத்திரிகைகள் தமிழ் நகைச்சுவை எழுத்தாளர்களை வளர்த்தனவா, இல்லை வேலை வாங்கிக்கொண்டு கைவிட்டனவா? 1930-களில் மணிக்கொடிக்காரர்களுக்கும் ஆனந்த விகடன்காரர்களுக்கும் நடந்த சண்டையிலேயே இந்தக் கேள்வி கிளம்பிவிட்டது. இன்றுவரை அது தீரவில்லை. ஒரு தரப்பு எஸ்.வி.வி.யையும் கல்கியையும் காட்டும். மறுதரப்பு புதுமைப்பித்தனைக் காட்டும். தேவனை இரண்டு தரப்பும் தத்தமக்குச் சாட்சியாகக் கூப்பிடும்.

இந்த வழக்கில் அடிக்கடி எடுத்து வைக்கப்படும் சான்று, கடிதம். எழுத்தாளர் பத்திரிகைக்கு எழுதியதும், ஆசிரியர் பதில் போட்டதும், சன்மானம் வராதபோது நண்பருக்கோ மனைவிக்கோ எழுதியதும் இதில் சேரும். நினைவுக் குறிப்பு பல வருஷம் கழித்து எழுதப்படுவது. கடிதமோ சம்பவம் நடந்த சூட்டில் எழுதப்பட்டது, தேதியும் கையெழுத்தும் உள்ளது. ஆகவே கடிதமே நம்பத் தகுந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பது அவசியம். ஏனென்றால் நம்மிடம் மிஞ்சியிருக்கும் கடிதங்கள் ஒரு குறிப்பிட்ட வகை எழுத்தாளர்களுடையவை.

அகத்தியர் மலையின் இருபுறம்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் போனக்காடு. பழைய தேயிலைத் தோட்டம், லயங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அகத்தியர்கூடத்துக்கு நடந்து போகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுவார்கள். அதே மலையின் கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணி திருநெல்வேலிக்கு இறங்குகிறது. புதுமைப்பித்தனின் வாழ்க்கை இந்த மலையின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. படித்து வளர்ந்தது தாமிரபரணிக் கரையில். மனைவி கமலாவின் பிறந்த வீடு திருவனந்தபுரத்தில். காசநோய் முற்றி 1948 ஜூன் 30 அன்று அவர் கண்மூடியதும் திருவனந்தபுரத்தில்தான். பிழைப்பு மட்டும் சென்னையில், பத்திரிகை ஆபீஸ்களில்.

குடும்பத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே இத்தனை தூரம் இருந்ததால் கடிதங்கள் பிறந்தன. கமலாவுக்கு அவர் எழுதியவற்றை இளையபாரதி 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் தொகுத்துத் தந்தார். தமிழ் எழுத்தாளர் ஒருவர் பத்திரிகையை நம்பி வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள ஆவணங்களில் இதற்கு இணையானவை மிகக் குறைவு.

புதுமைப்பித்தனை நகைச்சுவை எழுத்தாளர் வரிசையில் வைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிந்த மருதியின் கதையான 'துன்பக்கேணி'யை எழுதியவர் அவர். அதைப் படித்தவருக்குச் சிரிப்பு வராது. ஆனால் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எழுதியவரும் அவரேதான். அதில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை, சென்னைத் தெருவில் எதிர்ப்பட்ட கடவுளையே ஆயுள் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். யாருடைய ஆயுளுக்கு என்று கடவுள் கேட்க, பத்திரிகையின் ஆயுளுக்கு என்று பதில் வருகிறது. தமிழ்ச் சிறு பத்திரிகைகள் எத்தனை நாள் தாங்கின என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பதிலின் கூர்மை உறைக்கும். பத்திரிகைத் தொழிலின் உள்ளும் புறமும் அறிந்து சிரித்தவர் என்ற அளவில் இந்த ஆய்வுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

வளர்த்தது பத்திரிகை என்போர்

இந்தத் தரப்பின் கையில் இருக்கும் ஆதாரம் கனமானது. 1926-ல் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-ல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். பெயரிலுள்ள எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 'நவசக்தி'யில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி, 'ஏட்டிக்குப் போட்டி' என்ற கட்டுரையை அனுப்பினார். வாசன் அதைப் போட்டார், மேலும் கேட்டார், பிறகு ஆளையே ஆசிரியராக்கிக்கொண்டார். தமிழ் வாசகர் வாராவாரம் சிரிப்பதற்காகக் காசு கொடுக்கப் பழகியது இந்தக் கூட்டணியால்.

எஸ்.வி.வி.யின் கதை இன்னும் தெளிவானது. திருவண்ணாமலை வக்கீல் அவர். இங்கிலீஷில் எழுதிப் பெயர் வாங்கியிருந்தவர். விகடன் அழைத்திராவிட்டால் 'உல்லாஸ வேளை'யும் 'ராமமூர்த்தி'யும் தமிழுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எழுத்தாளரைத் தேடிப்போய்த் தமிழில் எழுத வைத்த பத்திரிகையை எப்படிக் குறை சொல்வது என்று இந்தத் தரப்பு கேட்கிறது.

மலைக்கு மேற்கேயும் இதற்கு ஒத்த உதாரணங்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் கே. பாலகிருஷ்ணன் நடத்திய கௌமுதி வார இதழ், வைக்கம் முகம்மது பஷீரின் 'மதிலுகள்' போன்ற படைப்பை 1960-களின் நடுவில் சிறப்பிதழுக்காக வாங்கி வெளியிட்டது. நகைச்சுவையாளர் இ.வி. கிருஷ்ண பிள்ளை மலையாள மனோரமா வார இதழின் முதல் ஆசிரியராகவே அமர்ந்தார். ஆசிரியரின் நச்சரிப்பும் கெடுவும் இல்லாமல் நகைச்சுவை பிறப்பது அபூர்வம் என்று மலையாளத்திலும் சொல்வார்கள்.

இந்த வாதத்தின் பலவீனம், அதன் ஆதாரங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. கல்கியின் வாழ்க்கை வரலாறான சுந்தாவின் 'பொன்னியின் புதல்வர்' கல்கி பத்திரிகையிலேயே தொடராக வந்தது. விகடனின் கதையைப் பெரும்பாலும் விகடனே சொல்லி வந்திருக்கிறது. அவை பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் மலர்களில் சொல்லும் கதையில் திருப்பி அனுப்பப்பட்ட கையெழுத்துப் பிரதிகளுக்கு இடம் இருக்காது.

கைவிட்டது பத்திரிகை என்போர்

எதிர்த்தரப்பின் ஊற்று மணிக்கொடி. 1933-ல் தொடங்கி, 1935-ல் பி.எஸ். ராமையா கையில் சிறுகதை இதழாக மாறிய பத்திரிகை. பெரும் பத்திரிகைகள் சிரிப்பை ஒரு பண்டமாக்கின, வாசகரை நோகடிக்காத அளவுக்குத்தான் கேலிக்கு இடம் கொடுத்தன, நோகடிக்கும் கேலியை வெளியே நிறுத்தின என்பது இவர்கள் குற்றச்சாட்டு. புதுமைப்பித்தனுக்கும் கல்கிக்கும் தழுவல் இலக்கியம் பற்றி நடந்த காரசாரமான விவாதம் இந்தப் பகைமைக்குக் கூர் தீட்டியது.

இந்தத் தரப்புக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படும் கதை 'ஒரு நாள் கழிந்தது'. அதில் வரும் முருகதாசருக்கு ஒரு பெரிய நாவல் எழுத ஆசை. பிழைப்புக்காக விளம்பர வாசகம் எழுதுகிறார். கடைப் பாக்கி, வீட்டு வாடகை, வந்த நண்பர்களுக்குக் கொடுக்கக் காப்பி, அதே நண்பர்களிடம் கைமாற்று என்று பொழுது போகிறது. மனைவி பெயர் கமலம். பெயரைப் பார்த்ததும் வாசகர்கள் இதைப் புதுமைப்பித்தனின் சுயசரிதையாக எடுத்துக்கொண்டார்கள். கடிதங்கள் வெளிவந்த பிறகு அந்த வாசிப்பு இறுகிவிட்டது. ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத தவிப்பு கதையிலும் கடிதத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கிறது அல்லவா?

ஆனால் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் கோடு அவ்வளவு நேராக ஓடவில்லை. புதுமைப்பித்தனின் சிகரங்கள் என்று நாம் சொல்லும் 'செல்லம்மாள்', 'சாப விமோசனம்', 'காஞ்சனை', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகியவை 1943 வாக்கில் வெளியானது கலைமகளில். கி.வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த, மரபில் ஊன்றிய, வசதியான பத்திரிகை அது. அகலிகையை மறுபடி கல்லாக்கிய கதைக்கு அங்கே இடம் கிடைத்தது என்பதை இந்தத் தரப்பு போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை. அவர் பின்னால் சினிமாவுக்குப் போனபோது 'ஔவையார்' படத்துக்கு வேலை கொடுத்தது வாசனின் ஜெமினி. மணிக்கொடியோ பெரும்பாலும் சன்மானம் கொடுக்கும் நிலையிலேயே இல்லை. ஆக, மனத்துக்கு உகந்த பத்திரிகை காசு கொடுக்கவில்லை, காசு கொடுத்த பத்திரிகைகள் எல்லாம் கதவை அடைத்துவிடவும் இல்லை. பி.எஸ். ராமையாவின் 'மணிக்கொடி காலம்' 1982-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நூல். பத்திரிகை நடத்தியவரின் பக்கத்துக் கஷ்டத்தை அது விரிவாகச் சொல்கிறது. இந்தத் தரப்பை எடுத்துப் பேசுகிறவர்கள் அதையும் படிக்க வேண்டும்.

கடிதம் மனிதரைக் காட்டும் என்போர்

மூன்றாவது தரப்புக்குப் பத்திரிகை முக்கியமில்லை, ஆள்தான் முக்கியம். தொ.மு.சி. ரகுநாதன் 1951-ல் வெளியிட்ட 'புதுமைப்பித்தன் வரலாறு' இதன் முன்னோடி. நண்பராக அருகிலிருந்து பழகியவரின் புத்தகம் அது. இன்றும் புதுமைப்பித்தனைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. கதையில் கேலி முகமூடி இருக்கும், கடிதத்தில் முகம் இருக்கும் என்பது இந்த வாசிப்பின் அடிப்படை.

நகைச்சுவை எழுத்தாளர் விஷயத்தில் இந்த அடிப்படை ஆட்டம் காண்கிறது. ரகுநாதனுக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் பல வெண்பாக்கள். எதுகை மோனையோடு, தளை தட்டாமல், நண்பரைச் சிரிக்க வைக்க எழுதியவை. அவருடைய கவிதைகளில் ஒரு நல்ல பங்கு இப்படித் தபாலில் போனவைதான். வறுமையைப் பற்றி வெண்பாவில் எழுதும்போது அங்கே வறுமையும் இருக்கிறது, வித்தையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து, இது வாக்குமூலம், இது அலங்காரம் என்று கோடு கிழிக்க இயலாது.

வெளிநாட்டில் இதைவிடத் துலக்கமான உதாரணம் பி.ஜி. உட்ஹவுஸ். பள்ளித் தோழர் வில்லியம் டவுனெண்டுக்கு எழுதிய கடிதங்களை 1953-ல் 'பெர்ஃபார்மிங் ஃப்ளீ' என்று புத்தகமாக்கியபோது, பழைய கடிதங்களை அவர் தாராளமாகத் திருத்தினார், சேர்த்தார், நகைச்சுவையை ஏற்றினார். வாசகர்கள் அதை அசல் கடிதமென்றே படித்தார்கள். 2011-ல் சோஃபி ராட்க்ளிஃப் அசல் கடிதங்களைப் பதிப்பித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பத்திரிகைகளிடம் கதை விற்ற கணக்கும் கவலையும் அசலில் கூடுதலாகத் தெரிகின்றன. புத்தகமான கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

யாருக்கு எழுதிய கடிதம் என்பதும் முக்கியம். கமலாவுக்கு எழுதும்போது பத்திரிகை என்பது வரவேண்டிய பணம். ரகுநாதனுக்கு எழுதும்போது அது கேலிப்பொருள். அதே ஆள் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும்போது எந்தக் குரலில் எழுதியிருப்பார்? அந்த மூன்றாவது குரல்தான் நமக்கு வேண்டியது. அதுதான் மிகவும் குறைவாகக் கிடைக்கிறது.

சட்டத்தைப் படித்தோர்

அண்மைக் காலத்தில் கேள்வியை வேறு வாசல் வழியாக அணுகுகிறவர்கள் பதிப்பு வரலாற்றுக்காரர்கள். இவர்களில் முதன்மையானவர் ஆ.இரா. வேங்கடாசலபதி. புதுமைப்பித்தனின் தொகுக்கப்படாத எழுத்துகளை 'அன்னை இட்ட தீ' (1998) என்றும், பிறகு முழுக் கதைகளைச் செம்பதிப்பாகவும் கொண்டுவந்தவர். பாரதியின் பதிப்புரிமை தனியார் கையிலிருந்து 1949-ல் அரசுக்கும் பிறகு மக்களுக்கும் வந்த வரலாற்றை எழுதியவரும் அவரே. பத்திரிகை நல்லதா கெட்டதா என்று இந்த வழியில் யாரும் கேட்பதில்லை. எந்த ஒப்பந்தம், எந்தச் சட்டம், எந்த முதற்பதிப்பு என்றே கேட்கிறார்கள்.

தேவன் விஷயத்தில் இந்த அணுகுமுறை மிகவும் பயன்படுகிறது. திருவிடைமருதூர் ஆர். மகாதேவன் விகடனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, கல்கி 1941-ல் வெளியேறிய பிறகு நிர்வாக ஆசிரியராகி, 1957 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 'துப்பறியும் சாம்பு', 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' எல்லாம் வாராவாரம் லட்சக்கணக்கான கண்கள் எதிர்பார்த்தவை. ஆனால் அவர் உயிரோடிருந்த நாளில் இவை பெரும்பாலும் புத்தகமாகவில்லை. ஒரு தரப்பு இதைப் பத்திரிகையின் கொடுமை என்கிறது. இன்னொரு தரப்பு தேவனின் விசுவாசம் என்கிறது.

அன்றைய சட்டத்தைப் பார்த்தால் மூன்றாவது விளக்கம் ஒன்று தென்படுகிறது. 1958 ஜனவரியில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்தியாவில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரிட்டனின் 1911 சட்டம் செல்லுபடியானது. அதன்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பத்திரிகையாளர் எழுதியதன் உரிமை முதலாளிக்கு. ஆனால் அது பத்திரிகைக்கு வெளியே வேறு வடிவில் வருவதைத் தடுக்கும் உரிமை எழுதியவருக்கு. அதாவது புத்தகம் போட முதலாளிக்கு எழுத்தாளர் சம்மதம் வேண்டும், எழுத்தாளருக்கு முதலாளி தயவு வேண்டும். யாராவது ஒருவர் வாய் திறந்து பேசினாலொழிய கதை பழைய இதழ்களின் கட்டுக்குள்ளேயே கிடக்கும். புதிய சட்டம் (1957) இதை மாற்றிப் பத்திரிகைப் பயன்பாட்டுக்கான உரிமையை மட்டும் முதலாளிக்குக் கொடுத்து, மற்றதை எழுத்தாளருக்கு விட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தேவன் இல்லை.

சட்டம் இப்படி இருந்தது என்பதால் நடந்ததும் இதனால்தான் என்று முடிவுகட்ட முடியாது. தனி ஒப்பந்தம் இருந்திருக்கலாம். ஆனால் கொடுமை, விசுவாசம் என்ற சொற்களை வீசுவதற்கு முன்னால் இந்தச் சாத்தியத்தை எடைபோட்டாக வேண்டும்.

அறைக்குள் முடிந்த பேச்சு

கவனித்துப் பார்த்தால் தமிழின் பெரும் நகைச்சுவை எழுத்தாளர்கள் பலர் பத்திரிகை ஆபீஸுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். கல்கியும் தேவனும் விகடனில். சாவி விகடனிலும் பிறகு தன் பெயரிலேயே நடத்திய இதழிலும். அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் படைத்த ஜ.ரா. சுந்தரேசன் குமுதத்தில். இவர்கள் தங்கள் ஆசிரியருக்கோ முதலாளிக்கோ கடிதம் எழுத வேண்டிய தேவை என்ன? தொடரின் தலைப்பு, எத்தனை வாரம், எந்த ஓவியர், சம்பள உயர்வு எல்லாம் பக்கத்து அறையில் பேசி முடிந்தவை. பேச்சுக்குத் தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆவணக் காப்பகத்தில் அது ஏறாது.

கடிதம் எழுதியவர்கள் எட்ட இருந்தவர்கள். ஊரால் எட்ட இருந்தவர் திருவண்ணாமலை எஸ்.வி.வி. ஒத்துவராமையால் எட்ட நின்றவர் புதுமைப்பித்தன். அவரும் தினமணியில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார். 1943-ல் டி.எஸ். சொக்கலிங்கத்தோடு வெளியேறியதும், தினசரியில் சேர்ந்ததும், அதையும் விட்டதும் நேருக்கு நேர் நடந்த காரியங்கள். ஆகவே கடிதங்களை மட்டும் அடுக்கி வைத்துப் பார்க்கிற ஆய்வாளருக்கு மனக்குறை அதிகமாகவும் மனநிறைவு குறைவாகவும் தெரியத்தான் செய்யும். திருப்தியாக இருந்தவர் எழுதவில்லை, உள்ளே இருந்து புழுங்கியவரும் எழுதவில்லை. நம் விவாதத்தில் இந்த இரண்டாம் வகையினரின் மௌனத்தைத்தான் நாம் மிகவும் அலட்சியப்படுத்தியிருக்கிறோம் என்பது என் கருத்து. தேவன் பதினைந்து வருஷம் வாராவாரம் பக்கம் நிரப்பினார். அந்த உழைப்பின் விலை என்ன என்று சொல்ல ஒரு கடிதம்கூட நம் விவாதத்தில் இல்லை. அதனால் அவர் சுகமாக இருந்தார் என்று எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

எது காப்பாற்றப்பட்டது

உ.வே. சாமிநாதையருக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் சென்னை உ.வே.சா. நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் தொகுப்பு அச்சிலும் வரத் தொடங்கியிருக்கிறது. கு. அழகிரிசாமியின் கடிதங்களைக் கி. ராஜநாராயணன் பொக்கிஷமாக வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்தன. டி.கே.சி.யின் கடிதங்களும் அப்படியே. புலவர்களும் நண்பர்களும் கடிதத்தைப் போற்றினார்கள். ரோஜா முத்தையா நூலகத்தின் அலமாரிகளில் பத்திரிகைகளின் இதழ்கள் வரிசையாக உண்டு. இதழ் உருவான ஆபீஸின் காகிதங்கள் என்ற பொருளில் பார்த்தால் நம் கை வெறுமையாகவே இருக்கிறது.

இதற்கு அலட்சியம் ஒன்றே காரணமாக இருக்காது. 1925-ல் தொடங்கிய நியூயார்க்கர் பத்திரிகையின் காகிதங்கள் 1991-ல் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்தன. ஆசிரியர் ஹெரால்ட் ராஸ் ஒரு நகைச்சுவைத் துண்டைப் படித்துவிட்டு, எண் போட்டு வரிசையாக எழுப்பிய சந்தேகங்களைக்கூட இன்று அங்கே படிக்கலாம். கதாபாத்திரம் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்கிற அளவுக்குத் துருவிக் கேட்பவர் அவர். ஜேம்ஸ் தர்பர் அந்த ஆசிரியரைப் பற்றி 1959-ல் எழுதிய புத்தகத்தை இந்தக் காகிதங்களோடு ஒத்துப் பார்க்க முடிகிறது. மார்க் ட்வெய்ன் எழுதிய 10,000-க்கும் மேற்பட்ட கடிதங்களை பெர்க்லியில் உள்ள பதிப்புக் குழு கண்டறிந்திருக்கிறது. அட்லாண்டிக் ஆசிரியராக இருந்த ஹவெல்ஸுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து இருபக்கமும் சேர்த்தே அச்சாகியிருக்கிறது.

அங்கே பதில்கள் டைப் அடிக்கப்பட்டன, கார்பன் நகல் ஃபைலில் தங்கியது. இங்கே ஆசிரியர் ஒரு தபால் கார்டில் நாலு வரி கையால் எழுதிப் போட்டார். அதற்கு நகல் கிடையாது. பிரசுரமாகாத கையெழுத்துப் பிரதி, எழுத்தாளரே தபால்தலை ஒட்டி அனுப்பிய உறையில் திரும்பிப் போனது. பிரசுரமான பிரதி அச்சுக் கோக்கிறவர் கையில் மசியேறிக் கிழிந்தது. பத்திரிகையின் பக்கத்தில் எதுவும் தங்காதபடி வேலை நடந்தது. ஆகவே தமிழில் இந்தப் போக்குவரத்தின் ஒரு பாதி மிஞ்சியிருந்தால் அது எழுத்தாளரின் வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். அதையும் பெரும்பாலும் மனைவிமார்தான் காப்பாற்றினார்கள். கமலா விருத்தாசலம் தாமும் கதை எழுதியவர். அவர் அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்தியது தமிழுக்குச் செய்த பெரிய உபகாரம்.

தீராதவை

மேலே சொன்ன தரப்புகளில் எதையும் முழுக்கத் தள்ள முடியவில்லை. பத்திரிகை இல்லாமல் எஸ்.வி.வி. தமிழில் இல்லை. புதுமைப்பித்தனின் வறுமை மிகையும் இல்லை. ஆனால் பத்திரிகைகள் மொத்தமாகச் சுரண்டின என்ற முடிவுக்கு இப்போதுள்ள கடிதச் சான்று போதாது, வளர்த்தன என்ற முடிவுக்கு நிறுவனங்களின் மலர்களும் போதா.

சில கேள்விகளுக்குப் பதில் தேடும் வழி தெளிவாகவே இருக்கிறது. 1930-க்கும் 1960-க்கும் இடையே ஒரு சிறுகதைக்கு, ஒரு வாரத் தொடருக்கு என்ன சன்மானம் என்பதைப் பத்திரிகைகளின் பேரேடுகள் சொல்லும். எழுத்தாளர் வீடுகளில் மணியார்டர் துண்டுகள் இருந்தால் அவையும் சொல்லும். கலைமகள் ஏன் புதுமைப்பித்தனுக்கு இடம் கொடுத்தது என்பது இலக்கிய விமரிசனத்தால் தீராது, ஆசிரியர் பக்கத்துக் காகிதம் வேண்டும். பதிப்புரிமையிலும் ஒரு சிக்கல் உண்டு. புதுமைப்பித்தன் படைப்புகள் 2002-ல் நாட்டுடைமையாயின. ஆனால் ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சாகும் எழுத்துக்குச் சட்டம் தனிக் கணக்கு வைத்திருக்கிறது, அச்சான ஆண்டிலிருந்து 60 வருஷம் என்று. கடிதத்தின் காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், வாசகம் எழுதியவரின் வாரிசுக்குச் சொந்தம். ஆகவே இன்னும் அச்சேறாத கடிதக் கட்டு ஏதாவது ஒரு வீட்டில் கிடைத்தால் அதை யார் வெளியிடலாம் என்பதை நாட்டுடைமை அறிவிப்பு ஒன்றே தீர்த்துவிடாது. கட்டை வைத்திருக்கும் குடும்பமும் வாரிசுகளும் நூலகமும் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வதற்குத் தமிழில் இன்னும் பொதுவான நடைமுறை உருவாகவில்லை.